176 மதிப்புள்ள ஒரு வாக்கு

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பொருளாதாரப் பேராசிரியர் கே.டி. ஷா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். குடியரசுத் தலைவரை வயதுவந்த குடிமக்கள் எல்லோரும் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அது. சபை அதை நிராகரித்தது. மூன்றரை ஆண்டு கழித்து, 1952இல் இந்தியாவின் முதல் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தபோது, ராஜேந்திர பிரசாத்தை எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் அதே ஷா. தாம் வேண்டாம் என்று வாதாடிய முறையிலேயே போட்டியிட்டு, பிரசாத்தின் 5,07,400க்கு எதிராக 92,827 பெற்றுத் தோற்றார்.

நேரடித் தேர்தல் கூடாது என்று அன்று சொல்லப்பட்ட காரணங்களில் சில சீக்கிரமே காலாவதியாகிவிட்டன. இவ்வளவு பெரிய வாக்காளர் கூட்டத்தை வைத்துத் தேர்தல் நடத்த ஆள்பலம் ஏது என்று அம்பேத்கர் கேட்டார். 1951-52 பொதுத்தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்டு தேர்தல் ஆணையம் அதைச் செய்தே காட்டியது. காலாவதியாகாத காரணம் வேறொன்று. 1947 ஜூலையிலேயே நேரு அதைச் சொல்லியிருந்தார்: நாடு முழுவதும் வாக்களித்து ஒருவரை உட்காரவைத்துவிட்டு, அவருக்கு அதிகாரம் எதுவும் கிடையாது என்றால் அது முரணாக இருக்கும். அதிகாரம் பிரதமரிடமும் அமைச்சரவையிடமும் இருக்கப்போகிறது. அப்படியானால் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மக்களின் பிரதிநிதிகளாக இருந்தால் போதும்.

நாடாளுமன்றம் மட்டும் தேர்ந்தெடுத்தால் அவர் ஆளுங்கட்சியின் ஆளாகிவிடுவாரே என்ற கவலை எழுந்தது. அதனால்தான் மாநிலச் சட்டமன்றங்கள் உள்ளே வந்தன. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலின் தனித்தன்மையும் அதன் இன்றைய சிக்கலும் இந்த ஒரு முடிவிலிருந்து கிளம்புகின்றன.

ஏற்பாடு இதுதான். அரசமைப்புச் சட்டத்தின் 54ஆவது உறுப்பின்படி நாடாளுமன்ற இரு அவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் வாக்காளர்கள். டெல்லியும் புதுச்சேரியும் 1992இல் 70ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டன. நியமன உறுப்பினர்களுக்கும் சட்டமேலவையினருக்கும் வாக்கு இல்லை. ஒரு மாநில எம்.எல்.ஏ.வின் வாக்குக்கு என்ன மதிப்பு என்பதை 55ஆவது உறுப்பு வகுத்துத் தருகிறது: மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 1971 மக்கள்தொகை 4,11,99,168. அதை 234ஆலும் பிறகு ஆயிரத்தாலும் வகுத்தால் 176. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208, கேரளத்தவருக்கு 152, புதுச்சேரிக்காரருக்கு 16, சிக்கிம்காரருக்கு வெறும் 7.

இப்படி எல்லா எம்.எல்.ஏ.க்களின் மதிப்பையும் கூட்டி, அந்தத் தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது ஒரு எம்.பி.யின் மதிப்பு. ஆக, மொத்தத்தில் பாதி டெல்லிக்கு, பாதி மாநிலத் தலைநகரங்களுக்கு. 2022இல் எம்.எல்.ஏ.க்களின் மொத்தம் 5,43,231. அதை 776ஆல் வகுத்து எம்.பி.க்கு 700 என்று வைத்தார்கள். அதற்கு முன்பு வரை அது 708. ஜம்மு காஷ்மீர் சட்டமன்றம் அப்போது இல்லாததால் எட்டு குறைந்தது. ஒரு மாநிலத்தின் அவை இல்லாமல் போனால் நாட்டின் ஒவ்வொரு எம்.பி.யின் வாக்கும் சற்று இளைக்கிறது. அவை இல்லாவிட்டாலும் தேர்தல் நிற்காது. 1974இல் குஜராத் சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்த நிலையில் தேர்தலைத் தள்ளிவைக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடந்தே தீர வேண்டும், காலியிடங்கள் அதற்குத் தடையில்லை என்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது.

வாக்காளர்கள் சின்னத்தில் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர்களுக்கு நேராக 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்பு. இதை 'விகிதாசாரப் பிரதிநிதித்துவம்' என்று அரசமைப்புச் சட்டம் அழைக்கிறது. ஒரே ஒரு நாற்காலியை எந்த விகிதத்தில் பங்கிடுவது என்று யாரும் விளக்கியதில்லை. நடைமுறையில் இதன் வேலை எளிது: யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரின் சீட்டுகள் இரண்டாம் விருப்பப்படி மற்றவர்களுக்குப் போகும்.

இதுவரை நடந்த தேர்தல்களில் அது ஒரே ஒரு முறைதான் தேவைப்பட்டது.

1969 மே மாதம் ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். காங்கிரசின் மூத்த தலைவர்கள் (காமராஜர் உட்பட 'சிண்டிகேட்' என்று அழைக்கப்பட்டவர்கள்) நீலம் சஞ்சீவ ரெட்டியைக் கட்சி வேட்பாளராக அறிவித்தார்கள். பொறுப்புத் தலைவராக இருந்த வி.வி. கிரி பதவி விலகி, சுயேச்சையாகக் களமிறங்கினார். தன் கட்சி வேட்பாளருக்கே வாக்களிக்கச் சொல்ல மறுத்த இந்திரா காந்தி, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார். தி.மு.க. கிரியை ஆதரித்தது. ஆகஸ்ட் 20இல் எண்ணியபோது கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சுதந்திரா, ஜனசங்கம் ஆதரித்த சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169. யாரும் அதைத் தொடவில்லை. சிறு வேட்பாளர்களின் சீட்டுகளும் பிறகு தேஷ்முக்கின் சீட்டுகளும் பிரிக்கப்பட்டபோது பெரும்பகுதி ரெட்டிக்கே போனது, ஆனாலும் எட்டவில்லை. கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. அதிகாரமற்ற பதவி என்று சொல்லப்பட்டதற்கான தேர்தல், நாட்டின் மிகப்பெரிய கட்சியைப் பிளந்தது. அந்தத் தேர்தலை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் பதவியிலிருந்த குடியரசுத் தலைவரே உச்ச நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சி சொல்லும்படி ஆயிற்று. தோற்ற சஞ்சீவ ரெட்டி 1977இல் போட்டியின்றித் தேர்வானார். அந்த ஆண்டு வந்த 37 வேட்புமனுக்களில் 36 தள்ளுபடியாயின.

மனசாட்சி வாக்கு என்பது சாத்தியமானதற்குக் காரணம் ரகசியம். மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ. தன் சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டியாக வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் காட்டினால் வாக்கே செல்லாது. கொறடா உத்தரவு போட முடியாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் இங்கே பாயாது. 2022இல் கேரளத்தின் 140 எம்.எல்.ஏ.க்களும் இடது முன்னணியையோ காங்கிரஸ் முன்னணியையோ சேர்ந்தவர்கள். இரு முன்னணிகளின் ஆதரவும் யஷ்வந்த் சின்ஹாவுக்கு. எண்ணியபோது 139 அவருக்கு, ஒன்று திரௌபதி முர்முவுக்கு. அந்த ஒருவர் யார் என்று வெளியே வரவில்லை.

ரகசியம் எல்லோருக்கும் கைகூடுவதில்லை. 2012இல் முலாயம் சிங் யாதவ், பிரணாப் முகர்ஜியை ஆதரிப்பதாக அறிவித்துவிட்டு, சீட்டில் எதிர் வேட்பாளர் சங்மாவுக்கு நேராகக் குறித்துவிட்டார். தவறு தெரிந்ததும் அதைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு வாங்கிக் குறித்தார். தேர்தல் ஆணையம் அவருடைய வாக்கைச் செல்லாது என்று அறிவித்தது. சட்டம் இயற்றும் பொறுப்பிலுள்ளவர்கள் வாக்களிக்கும் இத்தேர்தலில் 2022இலும் 53 வாக்குகள் செல்லாதவை. அதில் 15 எம்.பி.க்களுடையவை. ஊராட்சித் தேர்தலில் முதன்முறை வாக்களிப்பவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

போட்டியிடும் வாசலும் காலப்போக்கில் குறுகிவிட்டது. 1967இல் 17 பேர் நின்றார்கள். அவர்களில் ஒன்பது பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. 1974இல் பத்து பேர் முன்மொழியவும் பத்து பேர் வழிமொழியவும் வேண்டும் என்று சட்டம் வந்தது. 1997இல் அதுவே ஐம்பது ஐம்பதாகி, டெபாசிட் 15,000 ரூபாயானது. அதன் பிறகு பெரும்பாலும் இருமுனைப் போட்டிதான். 1997இல் கே.ஆர். நாராயணன் 9,56,290 பெற, தேர்தல் ஆணையராக நாட்டையே நடுங்கவைத்த டி.என். சேஷன் 50,631உடன் டெபாசிட் இழந்தார். 2002இல் அப்துல் கலாமுக்கு எதிராக இடதுசாரிகள் நிறுத்திய கேப்டன் லட்சுமி சேகல் 1,07,366 பெற்றார். முடிவு தெரிந்தே நடக்கும் இத்தகைய போட்டிகளை வீண் என்று ஒதுக்க வேண்டியதில்லை. எதிர்க்கட்சிகள் தங்கள் அணி எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

ஒப்புக்கு ஒரு பதவி, அதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். 1975 ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடாமலேயே வந்த நெருக்கடிநிலை அறிவிப்பில் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சரவை மறுநாள் காலைதான் ஒப்புதல் தந்தது. ஜெயில் சிங் 1986இன் அஞ்சல் திருத்த மசோதாவுக்குக் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் பதவிக்காலம் முழுக்க வைத்திருந்தார். 1997இல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கும் பரிந்துரையை நாராயணன் திருப்பி அனுப்பினார். ஒரே இருக்கை, மூன்று விதமான மனிதர்கள். மாநிலங்களைப் பொறுத்தவரை விஷயம் இன்னும் நெருக்கமானது. ஆளுநர் அனுப்பிவைக்கும் மாநில மசோதாக்களின் தலையெழுத்து குடியரசுத் தலைவர் மாளிகையில்தான் முடிவாகிறது. நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டுத் தமிழ்நாடு சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றிய மசோதாவுக்கு அங்கே ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அவையில் அறிவித்தார். அமைச்சரவையின் அறிவுரைப்படிதான் தலைவர் நடக்கிறார் என்பது உண்மை. அவரைத் தேர்ந்தெடுப்பதில் மாநிலங்களுக்குப் பாதிப் பங்கு என்பதும் உண்மை.

அப்படியானால் ஷா சொன்னபடி நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன?

செய்துபார்த்த நாடுகள் இருக்கின்றன. செக் குடியரசில் 2008இல் நாடாளுமன்றத்தில் நடந்த தேர்தல் பேரமும் சச்சரவுமாக முடிந்ததால் மக்கள் வெறுத்துப்போய், 2013இலிருந்து நேரடித் தேர்தலுக்கு மாறினார்கள். அரசமைப்பில் தலைவரின் அதிகாரம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆனால் மக்கள் வாக்கோடு வந்த மிலோஸ் ஜெமன், சில மாதங்களிலேயே நாடாளுமன்றக் கட்சிகளின் எதிர்ப்பை மீறித் தன் விருப்பப்படி ஒரு அரசை நியமித்தார். அது நம்பிக்கை வாக்கெடுப்பில் கவிழ்ந்தது. துருக்கியில் 2007இல் நாடாளுமன்றம் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் ராணுவமும் நீதிமன்றமும் குறுக்கிட்டன; அதற்கு மருந்தாக நேரடித் தேர்தல் வந்தது. 2014இல் எர்டோகன் அப்படி வென்றார். 2017 பொதுவாக்கெடுப்பின் விளைவாகப் பிரதமர் பதவியே மறைந்துபோனது. நேருவின் பயம் நூலறிவால் மட்டும் வந்ததல்ல என்று இந்த இரண்டு நாடுகளும் காட்டுகின்றன. மக்களிடம் நேரே வாக்கு வாங்கியவர் ஒப்புக்கு உட்கார்ந்திருக்க மாட்டார்.

அதிகாரம் உள்ள தலைவரை மறைமுகமாகத் தேர்ந்தெடுப்பது இதன் மறுபக்கக் கோளாறு. இலங்கையில் 2022 ஜூலை 20இல், கோத்தாபய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடிய பிறகு, நாடாளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவை 134 வாக்குகளில் தேர்ந்தெடுத்தது. அவருடைய கட்சிக்கு அவையில் இருந்தது ஒரே இடம், அதுவும் தேசியப் பட்டியல் வழியாக வந்தது. டளஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. இரண்டே ஆண்டில் மக்கள் வாக்களித்தபோது அந்த மூன்று வாக்குக்காரர் 56 லட்சத்துக்கு மேல் வாங்கி ஜனாதிபதியானார். நிறைவேற்று அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருக்கும் பதவிக்கு 225 பேர் அவை எவ்வளவு தொலைவான கண்ணாடி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அமெரிக்காவிலும் இதே வம்புதான். 2000இல் அல் கோர், 2016இல் ஹிலாரி கிளின்டன் இருவரும் மக்கள் வாக்கில் முந்தி, 538 பேர் கொண்ட வாக்காளர் குழுவில் தோற்றார்கள். அந்தக் குழுவை ஒழிக்க 1969இல் பிரதிநிதிகள் சபை 338க்கு 70 என்று நிறைவேற்றிய திருத்தம், அடுத்த ஆண்டு செனட்டில் பேசிப் பேசியே முடக்கப்பட்டது.

ஆகவே யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விடை, அந்தப் பதவி என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. இந்தியாவின் பதவிக்கு மறைமுகத் தேர்தல் பொருந்துகிறது. ஆளுங்கட்சி ஒருதலையாகத் திணிக்காதபடி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று வைக்கலாமே என்றொரு யோசனை உண்டு. இத்தாலியில் முதல் மூன்று சுற்றுகளுக்கு அப்படித்தான். கேட்க நன்றாக இருக்கும். 1971இல் அங்கே 23 சுற்றுகள் ஆயின; 2022இல் வேறு ஆள் கிடைக்காமல் எட்டாவது சுற்றில் எண்பது வயது மத்தரெல்லாவையே மறுபடி பிடித்து உட்காரவைத்தார்கள். கிரேக்கத்தில் 2014இல் தேவையான 180 வாக்கு கிடைக்காமல் நாடாளுமன்றமே கலைந்தது. பிறகு அந்த விதியையே மாற்றிவிட்டார்கள்.

இந்தியாவில் சீர்திருத்தம் தேவைப்படும் இடம் வேறு. கணக்கு.

மேலே சொன்ன 176, 208 எல்லாம் 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்டவை. குடும்பக் கட்டுப்பாட்டை ஊக்குவிக்க 1976இல் 42ஆவது திருத்தம் அந்த எண்ணை உறையவைத்தது. 84ஆவது திருத்தம் அதை நீட்டித்தது. 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும்வரைதான் அந்த உறைநிலை. வரப்போகும் எண்கள் எப்படியிருக்கும் என்று அறிய 2011 கணக்கெடுப்பைப் போட்டுப் பார்த்தால் போதும். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் மதிப்பு 308 ஆகும். உத்தரப் பிரதேசத்தவருடையது 496. பீகாரின் கதை இன்னும் கூர்மையானது. இன்று பீகார் எம்.எல்.ஏ.வுக்கு 173, தமிழ்நாட்டவருக்கு 176. 2011 கணக்கில் பீகாருக்கு 428. மூன்று புள்ளி முன்னால் நின்றவர் 120 புள்ளி பின்னால் போய்விடுகிறார். எம்.எல்.ஏ.க்கள் பாதியில் தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 7.6 விழுக்காட்டிலிருந்து 6க்கு இறங்குகிறது. உத்தரப் பிரதேசம் 15.4இலிருந்து 16.7க்கு ஏறுகிறது.

தொகுதி மறுவரையறை பற்றிய பேச்சில் மக்களவை இடங்களைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சட்டமன்ற இடங்களை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் கணக்கில் உதவாது, எம்.எல்.ஏ.க்கள் பெருகினால் ஒவ்வொருவரின் மதிப்பும் அதே அளவு குறையும். மக்களவையில் மாநிலத்தின் பங்கு சுருங்கினால் எம்.பி.க்கள் பாதியிலும் அடி விழும். மாநிலங்களவையின் 18 இடம் மட்டும் அசையாமல் நிற்கும். 2022இல் 57 எம்.பி., 234 எம்.எல்.ஏ. சேர்ந்து தமிழ்நாட்டுக்கு இருந்த மதிப்பு 81,084. இரண்டு பக்கமும் தேயப்போகிற எண் அது.

வடக்கின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அரைநூற்றாண்டுக்கு முந்தைய எண்ணை வைத்து இன்றைய பீகார்க் குடிமகனைக் குறைத்து எடைபோடுவது ஜனநாயகமா என்ற கேள்வியை மாநிலப் பற்று கொண்டு மழுப்பிவிட முடியாது. 55ஆவது உறுப்பே மாநிலங்களுக்கிடையே ஒரே அளவுகோல் வேண்டும் என்கிறது. சிக்கல் எங்கேயென்றால், இரண்டு பாதிகளுமே மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டவை. மாநிலம் மாநிலமாக எண்ணப்படும் இடம் எதிலும் இல்லை. பாகிஸ்தானில் இதற்கு நேரெதிர்: எந்த மாகாண அவையாக இருந்தாலும் மிகச் சிறிய பலூசிஸ்தான் அவையின் 65 இடங்களுக்குச் சமமாகவே அதன் வாக்கு எண்ணப்படும். பஞ்சாபும் பலூசிஸ்தானும் சமம் என்பது இந்தியாவில் செல்லுபடியாகாது. சிக்கிமுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் ஒரே எடை என்றால் யார் ஏற்பார்கள்? நடுவழி ஒன்று உண்டு. எம்.பி.க்கள் பாதி புதிய மக்கள்தொகைக் கணக்கைப் பின்பற்றட்டும், சட்டமன்றங்களின் பாதி 1971 விகிதத்திலேயே நிலைத்திருக்கட்டும். ஒரு பாதியில் குடிமகன், மறு பாதியில் மாநிலம். தேர்தலை இரண்டாகப் பிரித்தவர்களின் நோக்கத்துக்கு இதுவே நெருக்கமாகத் தெரிகிறது.

இன்னொரு ஓட்டையும் அடைக்கப்பட வேண்டும். தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் வேண்டும். 61ஆவது உறுப்பின்படி பதவிநீக்கம் செய்ய நாடாளுமன்றம் மட்டும் போதும். அவரைத் தேர்ந்தெடுக்க வாக்கில்லாத நியமன உறுப்பினர்கள் அவரை நீக்க வாக்களிக்கலாம். இதுவரை யார் மீதும் அந்த நடவடிக்கை வந்ததில்லை என்பதால் இது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. நான்கு மாதத்துக்குள் அதன் விவரங்கள் அதிகாரபூர்வமாக வெளியாகாவிட்டால் அந்தத் தேர்தல் 1971 எண்களிலேயே நடக்கும். அதற்கடுத்து 2032. 54, 55ஆவது உறுப்புகளைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். மாநிலங்களுக்குக் கிடைத்த வலுவான பூட்டு இது. ஆனால் உறைநிலை உருகுவதற்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை. யாரும் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே அது நடந்துவிடும். அதைத் தடுக்க நினைப்பவர்கள்தான் அந்த மூன்றில் இரண்டையும் பதினான்கு சட்டமன்றங்களையும் தேடிப் போக வேண்டும். அவற்றில் தெற்கே இருப்பவை ஐந்து.